பின்னால மகேன்

ஈப்போவின் சிலிபினில் மகேந்திரனின் மோட்டார் பட்டறைக்கு வரும் இளவட்டங்களில் பத்துக்கு மூன்று பேர் தங்கள் கப்சாயில் 27 என்ற எண்ணை ஒட்டியிருப்பார்கள். கப்சாய் என்றால் வேலைக்கும் பாசாருக்கும் போகிற சின்ன மோட்டார். அதே வண்டியைப் பிரித்து மாற்றி, ஊர் ஊராக ரோட்டை அடைத்து ரேஸ் விட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தின் சாம்பியன் திமோத்தி, 27 அவனுடைய எண். ஒட்டிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அவன் செத்த பிறகு பிறந்தவர்கள்.

"அண்ணே, நீங்க திமோத்திகூட ஓட்டினவராமே? ஆள் எப்படி இருப்பாரு?" என்று எவனாவது கேட்பான்.

"எனக்கு அவன் முதுகுதான் தெரியும். மூஞ்சியப் பத்தி வேற யாரையாச்சும் கேளு" என்பார் மகேந்திரன்.

கேட்டவன் சிரிப்பான். அவர் வேடிக்கைக்குச் சொன்னதில்லை. பதினொரு வருஷத்தில் திமோத்தி ஆறு முறை சாம்பியன். அதே பதினொரு வருஷத்தில் மகேந்திரன் அவனுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தது முப்பத்து நான்கு தடவை. இதையெல்லாம் அவர் எண்ணி வைத்திருக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வளைவில் திமோத்தியின் இடது தோள் எவ்வளவு இறங்கும், நேர் ரோட்டில் முழங்கை எப்படி ஒடுங்கும், அவன் வண்டிப் புகை எந்தப் பக்கம் வளையும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். கட்டின பெண்டாட்டி புஷ்பலதாவின் முதுகைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அதை அவளே சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

திமோத்தியை அவர் ஒரே ஒரு முறை ஜெயித்தார். அந்தக் கோப்பை வீட்டு அலமாரியில் கல்யாணப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் எடுத்து வைக்க இருபது வருஷமாக அவருக்கு மனம் வரவில்லை.

அது அவருடைய கடைசி ரேஸ், ஈப்போவிலேயே நடந்தது. புஷ்பலதாவுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். இதோடு போதும் என்று மகேந்திரன் முடிவு செய்துவிட்டார். ரேஸுக்கு இரண்டு நாள் முன்பு ரோட்டோர ஒட்டுக்கடையில் தே குடிக்கும்போது திமோத்தியிடம் சொன்னார். அவன் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இந்த ரேஸ ஒனக்கு எழுதி வச்சிரட்டுமா மச்சான்?" என்று கேட்டுச் சிரித்தான். தாப்பா பக்கம் ஒரே தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்தவர்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில், அவன் அப்பா யேசுதாசனின் ஓட்டை மோட்டாரை மாற்றி மாற்றி ஓட்டிப் பழகினவர்கள். அந்த மாதிரிக் கேலி அவர்களுக்குள் சகஜம். மகேந்திரனும் சிரித்தார்.

ரேஸில் கடைசிச் சுற்று, கடைசி வளைவு முடிந்து நேர் ரோடு. திமோத்தி மூன்று வண்டி நீளம் முன்னால் இருந்தான். கோட்டுக்கு இருநூறு அடிதான் பாக்கி. திடீரென்று அந்த முதுகு நிமிர்ந்தது. வண்டி தொய்ந்தது. அவன் தலையைத் திருப்பி மகேந்திரனைப் பார்த்தான். பதினொரு வருஷத்தில் அவன் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தன் எஞ்சின் போட்ட கூச்சலில் மகேந்திரனுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. அவனைத் தாண்டிப் போய்க் கோட்டைக் கடந்துவிட்டார்.

மேடையில் மைக்கைப் பிடித்துத் திமோத்தி சொன்னான்: "இன்னைக்கு மகேன் என்னவிட வேகம். அவ்வளவுதான்."

கூட்டம் கைதட்டியது. மகேந்திரனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுதி வைக்கட்டுமா என்று கேட்டான், எழுதியும் வைத்துவிட்டான் என்றுதான் அவருக்குத் தோன்றியது. முப்பத்து நான்கு தோல்வியைத் தாங்கின மனுஷருக்கு அந்த ஒரு ஜெயத்தைத் தாங்க முடியவில்லை. திமோத்தி மூன்று தடவை போன் செய்தான், எடுக்கவில்லை. ஒருநாள் பட்டறைக்கே வந்தான். டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டு, தாப்பாவுக்குப் போயிருப்பதாகப் புஷ்பலதாவைச் சொல்லச் சொன்னார்.

ரேஸ் முடிந்து பதினோராம் நாள், காலையில் சாதாரணக் கப்சாயில் வேலைக்குப் போகும் வழியில், சிம்பாங் பூலாய் சந்திப்பில் கல் ஏற்றின லோரி ஒன்று திமோத்தியை அடித்தது. மணிக்கு நூற்றறுபதில் விழாதவன் நாற்பதில் போய்விட்டான்.

அடக்கத்தன்று மகேந்திரன் தேவாலயக் கேட்டுக்கு வெளியே நின்றார். திமோத்தியின் மனைவி வெரோனிகா, நாலு வயது மகள் பெட்ரீசியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைத் தேடி வந்தாள். "ஒரு நாள் வந்து அவரு வண்டியப் பாருங்கண்ணே. நீங்க வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றாள். வண்டியையும் தனக்கே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறான் என்று மகேந்திரன் புரிந்துகொண்டார். ரேஸைக் கொடுத்தான், இப்போது வண்டியையும் கொடுக்கிறான். தலையை ஆட்டிவிட்டு வந்தவர், போகவே இல்லை. சிம்பாங் பூலாயில் அவள் வீடு இருக்கிற தாமான் குடியிருப்பு வழியே போகவேண்டி வந்தால்கூட இரண்டு மைல் சுற்றிக்கொண்டு போனார். இருபது வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை வெரோனிகா போன் செய்தாள்.

"அண்ணே, நான் வீட்ட காலி பண்றேன். பெட்ரீசியா கிள்ளானுக்கு வரச் சொல்லிட்டா. அவரு ரேஸ் வண்டிய மோட்டார் கிளப்புக்குக் கொடுத்துடுறேன். கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறாங்களாம். ஞாயித்துக்கிழமை வந்து தூக்கிருவாங்க."

"நல்லதுதானே."

"அதுக்குள்ள ஒரே ஒரு தடவ அந்தச் சத்தத்தக் கேக்கணும்ணே. ஸ்டார்ட் பண்ணிக் கொடுப்பீங்களா?"

"பூலாயிலேயே ஆளுங்க இருக்காங்களே வெரோ."

"இருக்காங்க லா. ஆனா எஞ்சினத் திறக்குறதுன்னா நீங்கதான் திறக்கணும்."

மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

புதன்கிழமை காலை, கருவிப் பெட்டியோடு போய் இறங்கினார். வெரோனிகாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கார் நிறுத்துகிற கொட்டகையில், பூப்போட்ட பழைய படுக்கை விரிப்புக்குள் வண்டி நின்றது. விரிப்பை எடுத்தாள். அதே சிவப்பு, அதே 27. பக்கவாட்டில் நின்று பார்க்க அவருக்கு அது வேறு யாருடைய வண்டியோ போலத்தான் இருந்தது. நாலடி நகர்ந்து, பின் சக்கரத்துக்கு நேராக வந்து நின்றார். இப்போது அது திமோத்தியின் வண்டி.

"இத யாரு கடைசியா ஓட்டினா?"

"அவருதான். அன்னைக்கு ரேஸ் முடிஞ்சு கொண்டாந்து நிறுத்தினது. அதுக்கப்புறம் யாரையும் கை வைக்க விடல. நான் துணி மாத்தி மூடுவேன், அதோட சரி."

அப்படியானால் விடை உள்ளேயே இருக்கிறது. எஞ்சின் கடைசியாக எப்படி ஓடியது என்பதை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சொல்லிவிடலாம். பட்டறைக்காரனுக்கு அது டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரி. பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் எஞ்சின் அன்றைக்கு நல்ல சுகத்தோடு இருந்தது என்று அர்த்தம். நல்ல எஞ்சின் கோட்டுக்கு இருநூறு அடி முன்னால் தானாகத் தொய்யாது, கைதான் தொய்ய வைத்திருக்கவேண்டும். அலமாரியில் இருக்கிற கோப்பை பிச்சைக் கோப்பை என்பது அதோடு உறுதியாகிவிடும். இருபது வருஷமாகச் சந்தேகத்தோடு வாழ்ந்தாயிற்று, சந்தேகத்தில் ஒரு ஓரமாவது நிழல் இருந்தது. இப்போது அதுவும் போகப்போகிறது.

ஸ்பானரை எடுத்தவர் திரும்ப வைத்தார். அந்த நேரம் பார்த்து வெரோனிகா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"இதையும் கிளப்புல கேக்கிறாங்க. இது என்னான்னு பாத்துச் சொல்லுங்கண்ணே. ஒவ்வொரு ரேஸ் முடிஞ்சதும் எதையோ எழுதி இதுல போட்டு வைப்பாரு."

டின் நிறையப் பழைய பிளக்குகள். ஒவ்வொன்றிலும் காகித டேப் சுற்றி, பேனாவால் பொடி எழுத்தில் எழுதியிருந்தது. மகேந்திரன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

'தாப்பா. 1998. ஜெட் 290. பின்னால மகேன்.'

ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற சின்னப் பித்தளைத் துண்டு. எண் குறைந்தால் பெட்ரோல் குறையும், வேகம் ஒரு பிடி கூடும், சூடும் கூடும். ரேஸ் விடுகிறவன் அதை எழுதி வைப்பதில் அதிசயம் இல்லை. கடைசியில் இருந்ததைத்தான் அவர் இரண்டு முறை படித்தார்.

அடுத்ததை எடுத்தார். 'கம்பார். 1999. ஜெட் 285. பின்னால மகேன்.' அதற்கடுத்தது: 'ஈப்போ. மழை. ஜெட் 295. பின்னால மகேன். ரொம்பக் கிட்ட.' இன்னொன்று: 'பின்னால மகேன். கடைசி வளைவுல அவன் சத்தம் கேட்டுச்சு.'

எல்லாவற்றையும் தரையில் கொட்டினார். மூன்றாவதாக வந்தவன் பெயர் எதிலும் இல்லை. தான் ஜெயித்தேன் என்று ஒன்றில்கூட எழுதவில்லை. மகேந்திரன் கை முறிந்து வீட்டில் கிடந்த வருஷத்துப் பிளக் ஒன்று கிடைத்தது. 'ஜெட் 290. மகேன் இல்ல. சப்புன்னு இருந்துச்சு.'

முதுகுக்குக் கண் கிடையாது என்றுதான் அவர் இத்தனை காலம் நம்பியிருந்தார்.

எழுந்து ஸ்பானரை மாட்டினார். இருபது வருஷத்து இறுக்கம், முனகிக்கொண்டு கழன்றது. பிளக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

பழுப்பு இல்லை. நுனி வெளுத்துப் போய், அதில் உப்புத் தூவினது மாதிரி வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது.

அது அலுமினியம். பிஸ்டன் உருகித் தெறித்துப் பிளக்கில் ஒட்டியிருக்கிறது. காலால் கிக்கரை மிதித்துப் பார்த்தார், அசையவில்லை. எஞ்சின் ஜாம். அன்றைக்கு அந்த நேர் ரோட்டில், அத்தனை வேகத்தில், உள்ளே பிஸ்டன் எரிந்து இறுகியிருக்கிறது. அவன் கிளட்ச்சைப் பிடித்து வண்டியைக் கவிழாமல் காப்பாற்றி, உருண்டே கோட்டைத் தாண்டியிருக்கிறான். திரும்பிப் பார்த்தது, பின்னால் முழு வேகத்தில் வருகிறவன் தன்மேல் ஏறிவிடாமல் இருக்க.

மகேந்திரன் உட்காரவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. எஞ்சின் ஏன் எரிந்தது? திமோத்தி எஞ்சினை எரிக்கிற ஆள் கிடையாது, பதினொரு வருஷத்தில் ஒன்றுகூட எரித்ததில்லை. கார்புரேட்டரைக் கழற்றி, அடியிலிருந்து ஜெட்டைத் திருகி எடுத்தார். எண்ணைப் படிக்க வாசலுக்கு வரவேண்டியிருந்தது.

260.

தரையில் கிடந்த பிளக்குகளில் ஒன்றில்கூட 285க்குக் கீழே இல்லை. 260 போட்டால் ஓடும், பறக்கும், ஆனால் எத்தனை சுற்று தாங்கும் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். திமோத்திக்கு அது தெரியாதா? தெரிந்துதான் போட்டிருக்கிறான். பழைய ஜெட்டில் ஓடினால் மகேன் தாண்டிவிடுவான் என்று கணக்குப் போட்டிருக்கிறான். விட்டுக்கொடுக்கவில்லை அவன். விடக்கூடாது என்று எஞ்சினையே பொசுக்கியிருக்கிறான்.

மகேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அது அழுகையாக மாறியதை அவரால் நிறுத்த முடியவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனுஷர், எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்து இன்னும் அசிங்கப்படுத்திக்கொண்டார்.

"என்னண்ணே?" என்று வெரோனிகா பதறி வந்தாள்.

ஜெட்டையும் பிளக்கையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டி, அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். அவள் வாசல் படியில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டாள்.

"இதத்தான் காட்ட நெனச்சாரா?" என்றாள். "அன்னைக்கு வந்த ஒடனே குளிக்கக்கூட இல்லண்ணே. இந்தப் படியில உக்காந்து சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. தோத்துட்டு எதுக்குச் சிரிக்கிறீங்கன்னு கேட்டேன். 'இத்தன வருஷம் கழிச்சு வந்துட்டான் வெரோ'ன்னாரு. எஞ்சினக் கழட்டலையான்னா, 'மகேன் வந்து கழட்டட்டும். தோத்தவன் வண்டியக் குத்தம் சொல்லக் கூடாது. நான் வாயால சொன்னா சாக்கு மாதிரி ஆயிரும், அவனே பாக்கட்டும்'னாரு. எனக்கு இந்த மோட்டார் வெவகாரம் ஒன்னும் புரியாது. நீங்க வரணும்னு மட்டும் ஒங்ககிட்ட சொன்னேன்."

மகேந்திரன் ஜெட்டைத் துணியில் துடைத்தார்.

"ஒங்க கடைக்குக்கூட வந்தாரே. நீங்க தாப்பாவுக்குப் போயிருக்கிறதா புஷ்பலதா அக்கா சொன்னாங்களாம்."

பொய்யை அப்படியே விட்டிருக்கலாம். இருபது வருஷத்துப் பொய், யார் தோண்டப் போகிறார்கள். ஆனால் இந்தக் கொட்டகையில் நின்றுகொண்டு முடியவில்லை.

"நான் தாப்பாவுக்குப் போகல வெரோ. உள்ளதான் ஒளிஞ்சிருந்தேன்."

"தெரியும்ணே" என்றாள் வெரோனிகா. "ஒங்க செலிப்பார் ரெண்டும் வாசல்லயே கழட்டிப் போட்டுக் கெடந்துச்சாம். வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. 'கோவம் எறங்கட்டும், வருவான்'னாரு."

அந்தப் பதினொரு நாளில் ஒரு நாள் போதும். ஒரு நாள் வந்திருந்தால் இரண்டு பேரும் இந்தத் தரையில் உட்கார்ந்து பிஸ்டனைக் கழற்றியிருப்பார்கள். 'அடப்பாவி, 260ஆ போட்ட?' என்று இவர் திட்ட, 'நீ வந்த வேகத்துக்கு வேற என்னடா பண்றது?' என்று அவன் கேட்டிருப்பான். அந்த ஒரு வாக்கியத்தை அவன் வாயால் கேட்பதற்கு மகேந்திரன் இன்றைக்கு எதையும் கொடுப்பார். ஜெயித்தது நிஜம்தான் என்று தெரிந்துவிட்டது. அதைப் போய்ச் சொல்லவேண்டிய ஆள்தான் இல்லை.

மூன்று நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு அந்த வண்டியோடு கிடந்தார். பிஸ்டனைத் தட்டி வெளியே எடுத்தபோது ஒரு பக்கம் எலி கடித்த மாதிரி உருகிப்போயிருந்தது. சிலிண்டரை மெங்லெம்பு சீனர் பட்டறையில் கடைந்து, தன் கடைப் பரணில் டப்பா பிரிக்காமல் கிடந்த பழைய பிஸ்டனைப் போட்டார். பெட்ரோல் குழாய், வயர், எல்லாம் புதிது. ஜெட் மட்டும் எதைப் போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 290 போட்டார். இனிமேல் யாரையும் முந்த வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலை முடிந்தது. எரிந்த பிளக் மட்டும் டேப் இல்லாமல் கிடந்தது. அதையும் டின்னில் சேர்க்கவேண்டும் அல்லவா? மகேந்திரன் டேப்பைச் சுற்றி, பேனாவை வாங்கி, பொடி எழுத்தில் எழுதினார். 'ஈப்போ. 2004. ஜெட் 260.' அதற்கப்புறம் நெடுநேரம் பேனா நகரவில்லை. வெரோனிகா எட்டிப் பார்த்தாள்.

"அவரு இருந்தா என்ன எழுதியிருப்பாரோ அத எழுதுங்கண்ணே."

'முன்னால மகேன்' என்று எழுதினார். திமோத்தியின் எழுத்தைவிடக் கோணலாக வந்தது. டின்னை மூடி அவளிடம் கொடுத்தார்.

வண்டியை வாசலுக்கு உருட்டி, இரட்டைக் கால் ஸ்டாண்டில் நிறுத்தினார். இரண்டு மிதிக்கு இருமியது. மூன்றாவது மிதிக்குப் பற்றிக்கொண்டது. கைப்பிடியைத் திருகியதும் அந்தச் சத்தம், தகரத்தைக் கிழிக்கிற அந்தப் பழைய சத்தம், தாமான் முழுக்க எழுந்தது. எதிர் வீட்டு மலாய்க்காரக் கிழவர் வெளியே வந்து, திட்ட வாயெடுத்தவர், எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார். வெரோனிகா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நாட்களில் சாயங்காலம் ஆனால் இந்தச் சத்தம் முனையில் திரும்பி வீட்டுக்கு வரும், அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

"ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்கண்ணே" என்றாள் சத்தத்துக்கு மேலே. "நாளைக்கு வந்து எண்ணெயெல்லாம் வடிச்சிருவாங்க. நீங்க ஓட்டினா அவருக்குச் சந்தோஷமா இருக்கும்."

மகேந்திரன் தலையை ஆட்டினார். "நான் வேணாம். நீ இதப் புடி."

"எனக்குத் தெரியாதே."

"சும்மா புடி. இப்படித் திருகு. விடு. திரும்பத் திருகு. அவ்வளவுதான்."

அவள் கையைக் கைப்பிடியில் வைத்துவிட்டு அவர் நகர்ந்தார். வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், மூன்று வண்டி நீளம் தள்ளி, கொஞ்சம் வலதுபுறமாக, ரோட்டின் நடுவே நின்றார். முழங்கைகள் தாமாகவே உடம்போடு ஒடுங்கின. புகை வழக்கம்போல வலப்பக்கம் வளைந்து, எரிந்த எண்ணெய் வாசனையோடு அவர் முகத்தில் வந்து மோதியது.

வெரோனிகா திரும்பிப் பார்த்தாள். "அங்க ஏன்ணே நிக்கிறீங்க? புகை எல்லாம் ஒங்க மேலதான் வருது."

"இருக்கட்டும் வெரோ" என்றார் மகேந்திரன். "நீ முன்னால பாத்துத் திருகு. நான் இங்கயே இருக்கேன்."